குலசேகரம் வீட்டுச் சாவி கைக்கு வந்த கதை

குலசேகரத்தில் இருக்கும் வீடு என் கணவர் வளைகுடாவில் உழைத்துக் கட்டியது. அவர் இறந்த பிறகு நான் நாகர்கோவிலில் மகளோடு இருக்கிறேன். அந்த வீட்டு வாடகை 7,000 ரூபாய்தான் என் மருந்துச் செலவுக்கு.

குடியிருந்தவர் முதல் வருடம் ஒழுங்காகத் தந்தார். அப்புறம் இழுக்க ஆரம்பித்தார். ஐந்து மாதம் ஆனதும் நேரில் போனேன். கேட்டைத் திறக்கும்போதே குடலைப் புரட்டும் நாற்றம். முன் அறை முழுக்க ஒட்டுப்பால் சாக்குகள், அதாவது ரப்பர் மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கும் பால். தோட்டங்களில் வாங்கி, அங்கே சேர்த்து வைத்து விற்கிறார். சாக்கிலிருந்து கறுத்த தண்ணீர் வடிந்து மொசைக் தரையில் படிந்திருந்தது. ரப்பர் ஊர்க்காரர்களுக்கு அந்த வாடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"25,000 தாங்க, ஒரே ராத்திரியில சாமானைத் தூக்கி வெளியே போட்டுத் தாறோம்" என்று ஒருவர் வந்தார். கரண்டைப் பிடுங்கிவிடு என்றார் கொழுந்தனார். அன்றிருந்த கோபத்தில் இரண்டுமே எனக்குச் சரி என்றுதான் பட்டது. நல்லவேளை, மகள் என்னைத் தக்கலையில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். வீடு காலி செய்யும் வழக்குகளையே அதிகம் பார்ப்பவர்கள்.

"அக்கா, பியூஸைத் தொட்டிராதீங்க" என்றுதான் அந்த வக்கீலம்மா பேச்சைத் தொடங்கினார். கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் நம் மேல் புகார் கொடுக்கலாம். 1960ஆம் வருட வாடகைச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். குடியிருக்க வாடகைக்கு எடுத்த வீட்டைக் கிட்டங்கி ஆக்கியதும் ஒரு காரணம். எங்கள் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து, புதிதாக எதுவும் எழுதவில்லை. முதலில் எழுதியதையும் வாடகை அதிகாரியிடம் பதியவில்லை. அது என் தவறு.

அங்கிருந்த வயதான குமாஸ்தாவை நான் மறக்க மாட்டேன். என் பாஸ்புக்கை வாங்கி, வாடகை வந்த ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பேனாவால் குறித்தார். நடுவில் ஒரு மாதம் 3,000 வந்திருந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. "மக்களே, இதைக் கழிச்சுதான் பாக்கி எழுதணும். கூட்டி எழுதினா கோர்ட்ல நம்ம சொல்லு நிக்காது" என்றார். வீட்டு வரியும் கரண்ட் கணக்கும் கணவர் பெயரிலேயே இருந்ததால் வாரிசு சான்றிதழ் கேட்டார்கள். மகளும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

நோட்டீஸ் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தபோது எனக்கு மனசு விட்டுப் போயிற்று. மறுத்தாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு என்று வக்கீலம்மா தைரியம் சொன்னார். உறையைப் பிரிக்காமல் அப்படியே பைலில் வைத்தார்.

மனு போட்ட பிறகுதான் குடியிருந்தவர் வந்தார், மனைவியோடு. மகள் பத்தாம் வகுப்பு, பரீட்சை முடியட்டும் என்று அந்தப் பெண் கண் கலங்கியபோது என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. "நேரம் குடுங்க அக்கா, ஆனா வாய்ப்பேச்சா வேண்டாம்" என்றார் வக்கீலம்மா. மே மாதக் கடைசிக்குள் காலி செய்வதாக அவர் கையெழுத்திட்டதை நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள். பாக்கியில் அட்வான்ஸ் 20,000 கழித்தது போக மீதியை நான் விட்டுக்கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பிள்ளை பரீட்சை எழுதியது.

சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே காலி செய்தார். குமாஸ்தா கூடவே வந்து மீட்டர் ரீடிங்கைக் குறித்தார், ஒவ்வொரு அறையையும் படம் எடுத்தார், சாவி ஒப்படைத்ததாக எழுதி வாங்கினார். இப்போது ஒரு நர்ஸ் குடும்பம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதின கையோடு வாடகை அதிகாரியிடம் பதிந்துவிட்டேன்.

பிளீச்சிங் பவுடர் போட்டு நான்கு தடவை கழுவியும் முன் அறை மூலையில் கறை போகவில்லை. மழைக்காலத்தில் அங்கே இன்னும் லேசாக வாடை வருகிறது. அந்த மொசைக் கல்லை என் கணவர் தானே போய்ப் பார்த்து வாங்கி வந்தார்.