பழைய சர்வர், புது சர்வர்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 8, 2024, வெள்ளி

வீடுகளுக்கு நாங்கள் கொடுக்கும் இன்டர்நெட்டில், யார் நுழையலாம் என்று சரிபார்த்துக் கணக்கு வைக்கும் சர்வரை மாற்றுகிறோம். புதுப் பெட்டியில் உபுண்டு 24.04 ஏற்றியாயிற்று. லாகினைச் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸும், பயனர் விவரங்களை வைக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் ஒரே பெட்டியில். டேபிள்களை உருவாக்கி, சோதனைக்கு ஒரு பயனரைப் போட்டு, ரேட்டெஸ்ட் என்ற சோதனைக் கட்டளை கொடுத்ததும் ‘அக்செஸ்-அக்செப்ட்’, அதாவது உள்ளே விடலாம், என்று வந்தது. மனசு நிறைந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லலாமென்று போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். “இப்பதான் கண்ணசந்தார் தம்பி, காலையில பேசுங்க.”

நவம்பர் 9, சனி

அண்ணனுக்கு ஆஞ்சியோ திங்கட்கிழமை.

நவம்பர் 10, ஞாயிறு

பழைய மென்பொருள் கொடுத்த கோப்பில், பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் 32 எழுத்துக்கு எம்டி5 ஹாஷ்தான் இருக்கிறது, பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட, திருப்பி அசலாக்க முடியாத குறியீடு. உள்ளே அசலை வைத்துக்கொண்டு வெளியே இதை மட்டும் தருகிறது. வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் சாப் (CHAP) என்ற முறையில் லாகின் ஆகின்றன. சாப்பில் பாஸ்வேர்டு லைனில் வராது. நம் மெயின் ரவுட்டரான மைக்ரோடிக் ஒரு சவாலை அனுப்பும், வீட்டுப் பெட்டி அதற்கு விடை கணக்கிட்டு அனுப்பும். அந்த விடையைச் சரிபார்க்க சர்வரிடம் அசல் பாஸ்வேர்டு இருந்தே ஆகவேண்டும். ஹாஷ் உதவாது.

மத்தியானம் வரை இதே யோசனை. கடைசியில் மைக்ரோடிக்கில் பாப் (PAP) முறையை மட்டும் அனுமதிப்பதென்று முடிவு செய்தேன். பாஸ்வேர்டு அப்படியே வந்துசேரும், சர்வர் அதை ஹாஷாக்கி ஒப்பிட்டுக்கொள்ளும். மூடாமல் வருகிற பாஸ்வேர்டு எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லாரும் இந்தப் பக்கம் வந்ததும் புது பாஸ்வேர்டு கொடுத்து சாப்புக்குத் திரும்பியாக வேண்டும்.

நவம்பர் 11, திங்கள்

இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. வேலை ஓடவில்லை.

2022-இல் இதே நாளில்தான் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த வருடம் அப்படி வேண்டாம்.

நவம்பர் 13, புதன்

காலாவதித் தேதியில் ‘30 நவம்பர்’ என்று மட்டும் எழுதினால், 30 பிறக்கும் நள்ளிரவிலேயே லைன் போய்விடுகிறது. 30 வரை பணம் கட்டியவருக்கு ஒரு நாள் நஷ்டம். எல்லா வரியிலும் 23:59:59 சேர்த்தேன். சர்வரின் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தது, அப்படியே விட்டிருந்தால் மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் துண்டிக்கும். அதையும் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். கடிகாரத்தை அரசின் என்ஐசி நேர சர்வரோடு இணைத்தாயிற்று. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி இப்படி அரசு நேரத்தோடு இணைப்பது கட்டாயம், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருப்பதும் கட்டாயம்.

நவம்பர் 16, சனி

தூக்கம் இல்லை. ஒரே கவலைதான்.

ஒரு வீட்டில் கரண்ட் போனால் பரவாயில்லை. நம் மெயின் ரவுட்டர் அதைக் கவனித்து சர்வருக்கு ‘ஸ்டாப்’ அனுப்பிவிடும், கணக்கு முடிந்துவிடும். மெயின் ரவுட்டரே அணைந்தால் ‘ஸ்டாப்’ சொல்ல ஆள் ஏது? யார் எப்போது வந்தார், போனார் என்று பதியும் ரேட்அக்ட் டேபிளில் முடிந்த நேரம் காலியாகவே நிற்கும். சர்வரின் கணக்கில் அத்தனை பேரும் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். கரண்ட் வந்து அவர்களே திரும்ப வந்தால், ஒரு நேரத்தில் ஒரு லாகின் என்ற விதி அவர்களையே தடுக்கும். ஊரே வாசலில் நிற்கும்.

உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிலிருந்து இடைக்கணக்கு வருகிறது. 15 நிமிடமாக எதுவும் வராத வரிகளை மூடிவிடும்படி, குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டும் கிரானில் ஒரு வேலை போட்டேன். அந்த 15 நிமிடம்? மழை நாளில், யாராவது ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது? பணம் கட்டியவரை வெளியே நிறுத்துகிற எதையும் நான் ஓடவிடப் போவதில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

விடை கிடைத்தது. நமக்கு இருப்பது ஒரே மெயின் ரவுட்டர். அப்படியென்றால் அந்த விதி சர்வரில் எதற்கு? அதன் லாகின் அமைப்பான பிபிபி ப்ரொஃபைலில் ‘ஒன்லி ஒன்’ போட்டால் ரவுட்டரே பார்த்துக்கொள்ளும். அது அணைந்தால் அதன் நினைவும் காலி, யாரையும் தடுக்காது. கிரான் வேலை கணக்குச் சுத்தத்துக்கு மட்டும் இருக்கட்டும். சர்வரிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டேன்.

அண்ணன் பேசினார். குரல் மெலிந்திருக்கிறது. இதை விளக்கினேன். “சரிடா” என்றார். போதும் எனக்கு.

நவம்பர் 19, செவ்வாய்

கவுன்டர் அக்கா புதுத் திரையில் ரீசார்ஜ் போட்டுப் பார்த்தார். “பழசைவிட இது தேவலை தம்பி.”

நவம்பர் 21, வியாழன்

ஃபைபர் லைன்கள் எல்லாம் வந்து சேரும் ஓஎல்டி பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். உடம்பு முடியாதவரிடம் இதைக் கேட்கவா என்று இரண்டு நாளாகத் தயங்கினேன். இன்று அவரே கூப்பிட்டுச் சொன்னார், எழுத்தெழுத்தாக, நடுவில் மூச்சு வாங்கி. எழுதிக்கொள்ளும்போது கை நடுங்கியது.

நவம்பர் 24, ஞாயிறு

விடியற்காலை நாலு மணிக்கு புது சர்வருக்கு மாற்றினோம். பழைய மென்பொருளின் உரிமம் 30-ஆம் தேதியோடு முடிகிறது, இதற்குமேல் தள்ள முடியாது. சர்வர் செய்வதையெல்லாம் காட்டும் டீபக் திரையில் வரிகள் ஓட ஓட ஒவ்வொரு பெயராக உள்ளே வந்தது. சில வீட்டு ரவுட்டர்கள் சாப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன. லைன் வேலை பார்க்கும் தம்பி வீடு வீடாகப் போய் ‘ஆட்டோ’வுக்கு மாற்றினான். ஒரு வீட்டில் ஃபைபரில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 29 டிபிஎம். மைனஸ் 27-க்குக் கீழே போனால் நிலைக்காது. ஃபைபர் இணைப்பைப் பிரித்து மறுபடி ஸ்ப்ளைஸ் செய்து ஒட்டியதும் மைனஸ் 21. அந்த வீட்டு ஆயா அவனைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் இறங்கியது, மெயின் ரவுட்டர் அணைந்தது. ஜெனரேட்டர் போட்டு ஏற்றினோம். டேபிளில் பழைய வரிகள் திறந்தபடியே நிற்க, அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். ஒரு ‘ரிஜெக்ட்’ கூட இல்லை. அண்ணனுக்குச் சொல்ல வேண்டும்.

வடக்கு வீதி மட்டும் இன்னும் வரவில்லை. அது ஃபைபர்தான், மரம் சாய்ந்திருக்கும். தம்பி ரெயின்கோட் மாட்டிக்கொண்டு நிற்கிறான், நானும் கூடப் போகிறேன்.