உதயகிரியிலிருந்து காற்றாடிமலை வரை

புனித தேவசகாயத்தின் தலங்களைத் தரிசிக்க வருகிறவர்களில் பலர், நேரே அவர் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக்குப் போய்விடுகிறார்கள். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையிலிருந்து தொடங்குவதே முறை என்பேன். கோட்டைக்குள் சிதைந்து நிற்கும் பழைய சிற்றாலயத்தில், இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல்லறையின் கீழ் டச்சுப் படைத்தலைவர் டிலனாய் துயில்கிறார். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்டு, பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி அளித்தவர் அவர். அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்டர் (இவரே பின்னாளில் தேவசகாயம் ஆனவர்), கால்நடைகளை இழந்து, விளைச்சலும் பொய்த்து, எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனையோ என்று கலங்கியிருந்த நாள்களில், அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னவர் இந்தப் போர்க்கைதிதான். கைதியாக இருந்தவர் ஆறுதல் சொல்ல, பதவியில் இருந்தவர் விடுதலை தேடிய அந்தக் காட்சியை மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் அடுத்த தலங்கள் புரியும்.

துன்பமெல்லாம் தண்டனையல்ல என்று யோபு கற்பித்ததே நீலகண்டருக்குக் கிடைத்த முதல் விடுதலை. 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு பரஞ்சோதிநாதரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் எல்லாச் சாதியினரோடும் வேற்றுமையின்றிப் பழகினார், அதைப் பொறுக்காதவர்கள் பெருகினார்கள், 1749-இல் கைதானார். இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்துக்குள் கிறிஸ்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவர் ஒன்று இருந்தது; 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. அடிமைத்தளை ஆலயத்துக்கு வெளியே மட்டுமே இருப்பதாக எண்ணுகிறவர்கள், வடக்கன்குளத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எருமை மீது பின்னோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பது மரபு. புலியூர்க்குறிச்சியில், தாகத்தால் தவித்த அவர் செபித்து முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்ததாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறையில் இன்றும் அந்தச் சிறு குழி இருக்கிறது. குனிந்து விரல் நனைத்து நெற்றியில் சிலுவை வரைந்துகொள்கிறார்கள். சிலர் வீட்டில் நோயாளிக்கென்று பாட்டிலில் கொஞ்சம் எடுத்துச் செல்கிறார்கள்.

காற்றாடிமலையில் பெயருக்கேற்ற காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் நம்மையும் தள்ளுகிறது. 1752 சனவரி 14 அன்று இங்கேதான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்நேரம் மணிபோல் ஒலித்ததாக நம்பப்படும் மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் வெண்கலத்தைத் தட்டிய ஓசை வருகிறது. பிள்ளைகள் விடாமல் தட்டுகிறார்கள். பெரியவர்கள் அதட்டிவிட்டுத் தாமும் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்கள். நானும் தட்டினேன். ஓசையைவிட என்னை நிறுத்தியது வேறொரு நினைவு: ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கோடு இருந்தவருக்கு, பழைய வாழ்வுக்குத் திரும்பச் சம்மதித்திருந்தால் உயிர் கிடைத்திருக்கும், அவர் சம்மதிக்கவில்லை. நம்மைக் கட்டிவைத்திருப்பவை பெரும்பாலும் அவ்வளவு கனமானவைகூட அல்ல. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம், தீராத பகை, விட முடியாத ஒரு பழக்கம்.

அவருடைய உடலின் எஞ்சிய பகுதி நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பட்டம் நீங்கிய பெயரே ஒலித்தது. பேச்சுவழக்கில் அந்தப் பட்டத்தை இன்னும் சேர்த்தே சொல்கிறவர்கள் உண்டு. கல்லறை முன் முழந்தாளிட்டபோது, உடல்நலத்தையும் பிள்ளைகளின் வேலையையும் கேட்ட பின்பு, எங்கள் நாவிலிருந்தும் அது நீங்கட்டும் என்று சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.