செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

2023 அக்டோபர் 10, செவ்வாய்

வெள்ளி பள்ளிவாசலுக்கு, சனி யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு, ஞாயிறு எங்கள் திருச்சபைக்கு. அதனால்தான் மூன்று மதத்தவரும் சேரும் எங்கள் கூட்டம் நான்கு வருடமாகச் செவ்வாயில். 7ஆம் தேதி ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கி, பலரைப் பிணைக்கைதிகளாகக் காஸாவுக்குப் பிடித்துப் போனது. போர் தொடங்கிவிட்டது. இன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து ஆறு நாற்காலிதான் போட்டேன். பதினொரு பேர் வந்தார்கள். யூத மதகுருவான ரப்பி, வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு பாடலை எபிரேயத்தில் படித்தார். இமாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் யாருக்கும் பேச வரவில்லை.

அக்டோபர் 12

தாக்குதலில் காணாமல்போன இஸ்ரேலிய அமைதி ஆர்வலர் விவியன் சில்வர் பற்றி இன்னும் தகவல் இல்லை.

அக்டோபர் 15

ஜெப ஆலயத்துப் பெரியவர் போன் செய்தார். விவியனைக் காஸாவுக்குப் பிடித்துப் போயிருப்பார்கள், உயிரோடு இருப்பார் என்று நம்புகிறார். 74 வயது. 'விமன் வேஜ் பீஸ்' என்ற பெண்கள் அமைதி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த மாதம் 4ஆம் தேதிதான் அந்த இஸ்ரேலியப் பெண்களும் 'விமன் ஆஃப் தி சன்' அமைப்பின் பாலஸ்தீனப் பெண்களும் சேர்ந்து எருசலேமிலும் சாக்கடல் கரையிலும் கூடினார்கள். அந்தப் படங்களை எங்கள் குழுவில் பகிர்ந்தது நான்தான். அதற்கும் தாக்குதலுக்கும் நடுவில் மூன்றே நாள். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

கூட்டத்தின் நடுவில் எல்லா போனும் ஒன்றாக அதிர்ந்தன. காஸாவில் அல் அஹ்லி மருத்துவமனையில் குண்டுவெடிப்பு. ஆங்கிலிக்கன் திருச்சபை நடத்துவது. யார் செய்தது என்பதற்கு ஒவ்வொருவர் போனிலும் ஒவ்வொரு பதில். ஃபாதர் போன்களை எல்லாம் மேசையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். அக்கா மட்டும் கவிழ்க்கவில்லை. அவர் தங்கை காஸாவின் கான் யூனிஸில் இருக்கிறார். தங்கைக்கு அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை.

(அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் வருடமே சொல்லிவிட்டேன். அவரும் பதிலுக்கு அரபியில் 'உக்தி' என்பார்.)

அக்டோபர் 20

நேற்று இரவு காஸாவில் புனித போர்ஃபிரியஸ் தேவாலய வளாகத்தில் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள். தூங்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

மக்கள் பிரதிநிதிகளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் கடிதம். இரண்டு மணி நேரத்தில் ஒரு வரிகூட நகரவில்லை. பிணைக்கைதிகளை விடுவிக்கச் சொல்வது முதலில் வரவேண்டும் என்கிறார் பெரியவர். போர்நிறுத்தம் என்ற சொல் முதல் வரியில் இல்லையென்றால் கையெழுத்தில்லை என்கிறார் அக்கா. யாருடைய சாவை முதலில் எழுதுவது என்பதுதான் உண்மையில் சண்டை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எட்டரைக்குப் பெரியவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வாசல்வரை ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய விஷயங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 2002 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் தலைவர்கள் சேர்ந்து புனித பூமியின் அமைதிக்காக ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள். அந்த மார்ச்சில் இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் எவ்வளவு இரத்தம். பாரிஷ் ஹாலில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எம்மாத்திரம்?

ஆனால் மொசாம்பிக்கும் நடந்திருக்கிறதே. ரோமில் சாந்த் எஜிடியோ என்ற பொதுநிலையினர் குழு, தங்கள் நாடே அல்லாத ஒரு நாட்டின் சண்டைக்காரர்களை 1990 ஜூலையிலிருந்து உட்கார வைத்துப் பேசி, 1992 அக்டோபர் 4இல் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. இரண்டு வருடத்துக்கு மேல். எத்தனை தடவை யார் யார் மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்களோ.

அக்டோபர் 27, வெள்ளி

போப் பிரான்சிஸ் கேட்டுக்கொண்ட உபவாச நாள். மற்ற மதத்தவரையும் அழைத்திருந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து, சூரியன் மறைந்து யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்குவதற்குள் கிடைத்த இடைவெளியில் கூடினோம். பெரியவர் வரவில்லை.

இரவு: காஸா முழுக்க போனும் இணையமும் அறுந்துவிட்டனவாம்.

அக்டோபர் 28

ஒற்றை டிக்.

சனி இரவு பத்து மணிக்குப் பெரியவர் போன் செய்தார். சபாத் முடிந்து செய்தி பார்த்திருக்கிறார். கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அவள் தங்கையிடமிருந்து ஏதாவது வந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 29

விடிவதற்குள் இணைப்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தங்கையிடமிருந்து மூன்று சொல்: இருக்கிறோம், மாவு இல்லை. பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். சரி, சரி என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நவம்பர் 7, செவ்வாய்

பெரியவர் வந்தார். கடைசி வரிசையில். கடிதம் அப்படியே இருக்கிறது.

நேவே ஷாலோம்–வாஹத் அஸ்ஸலாம் பள்ளிக்கு வருடா வருடம் அனுப்பும் பணத்தை இந்த வருடமும் அனுப்புவதா என்று ஒருவர் கேட்டார். அது இஸ்ரேலில், கத்தோலிக்க டொமினிக்கன் சபைத் துறவி புரூனோ ஹூசார் தொடங்கிய கிராமம். யூதக் குடும்பங்களும் பாலஸ்தீனக் குடும்பங்களும் ஒரே ஊரில். பிள்ளைகள் எபிரேயமும் அரபியும் சேர்த்துப் படிக்கிறார்கள். அந்த வகுப்பறையில் இந்த வாரம் ஆசிரியர் என்ன பேசியிருப்பார்? கை தூக்கச் சொன்னோம். எல்லாக் கையும் உயர்ந்தது. இந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்.

நவம்பர் 13

விவியன் சில்வர் இறந்துவிட்டார். அக்டோபர் 7ஆம் தேதியே, பேரி கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணை ஊரில். உடலை அடையாளம் காண ஐந்து வாரமாகியிருக்கிறது. இத்தனை நாள் இல்லாத ஒருவருக்காகக் காத்திருந்திருக்கிறோம்.

நவம்பர் 14, செவ்வாய்

பெரியவர் ஒரு படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மடித்த கோடு விவியனின் முகத்துக்குக் குறுக்கே போனது. அதை விரலால் நீவி நீவிச் சமப்படுத்திக்கொண்டே பேசினார். காஸாவிலிருந்து வரும் நோயாளிகளை எரேஸ் எல்லை வாசலில் ஏற்றிக்கொண்டு இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் காரில் கொண்டுபோய் விடும் தன்னார்வலர்களில் விவியனும் ஒருவர் என்றார்.

அக்கா நிமிர்ந்தார். "அப்பாவின் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தபோது இப்படி ஒரு கார்தான் வந்தது. ஓட்டியது ஒரு பெண். அவர் பெயரை அப்பா கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்களாம், அதை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்."

விவியனாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். படத்தைப் பெரியவர் அக்கா பக்கம் நகர்த்தினார். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 21, செவ்வாய்

கடிதம் போய்விட்டது. முதல் வரியில் நாங்கள் யார் என்பது மட்டும். இரண்டாவது வரியில் பிணைக்கைதிகளின் விடுதலை, போர்நிறுத்தம், இரண்டும் ஒரே வாக்கியத்தில். நடுவில் ஒரு 'மற்றும்'. ஒரு மாதம் எடுத்தது அந்தச் சொல்லுக்கு. பதினொரு பேரில் ஒன்பது கையெழுத்து. கையெழுத்திடாத இருவரும் நாற்காலிகளை அடுக்க நின்றார்கள்.

நவம்பர் 23

நாளைக் காலை 7 மணி முதல் சண்டை நிற்கும் என்று கத்தார் அறிவித்திருக்கிறது. நான்கு நாளுக்கு. பெரியவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அக்கா இப்போதுதான் தங்கைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

ஒற்றை டிக்.