திலாப்பியா ஆணா, பெண்ணா?

நேற்று சாயங்காலம் மலேசியாவின் பீடோர் பக்கம், ஈயம் தோண்டிய பழைய குட்டையில் அப்பாவோடு தூண்டில் போட்டேன். மூன்றாவதாகச் சிக்கிய திலாப்பியாவைக் கையில் எடுத்ததும் அதன் வாயிலிருந்து மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் உதிர்ந்தன. தாய் மீன்! முட்டைகளை வாய்க்குள் அள்ளி, குஞ்சுகள் தானாக நீந்தும்வரை அங்கேயே வைத்துக் காப்பது அவள்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்ச முட்டையோடு உடனே தண்ணீரில் விட்டுவிட்டேன்.

சரி, வாய் காலியாக இருந்தால்? மீனை மல்லாத்தி, வால் பக்கத்து அடித்துடுப்புக்குச் சற்று முன்னால் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துளை. பின்னது சிறு கூர்முனையில் இருக்கும். பெண்ணுக்கு மூன்று, நடுவில் இருப்பது குறுக்குக் கீறல்போல. பொடி மீனில் கண்டுபிடிப்பது சிரமம்தான். ஆண்தான் சீக்கிரம் பெரிதாக வளரும். எங்கள் வீட்டுக் குழம்புக்கு இனி அதுவே போதும்.