எலைன்மென்ட் சரியாக இருந்தும் சீல் ஏன் போகிறது

திருகோணமலை உட்துறைமுகக் கரையோரம் படகுகளைக் கரையேற்றும் வின்ச் ஒன்றின் பவர் பேக்கில் (வின்சுக்கு எண்ணெய் அழுத்தம் தரும் மோட்டர், பம்ப், தொட்டித் தொகுதி), ஏழு மாதங்களுக்குள் மூன்றாவது தடவையாகப் பம்பின் தண்டுச் சீல், அதாவது தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், ஒழுகத் தொடங்கிய பிறகே என்னை அழைத்தார்கள். 37 கிலோவாற்று நான்கு துருவ மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1475 சுற்றில் ஓட, இரு தண்டுகளையும் ரப்பர் வைத்து இணைக்கும் கப்ளிங் வழியாக, 9 பிஸ்டன்கள் தண்டுக்கு இணையாக அமைந்த அச்சுவழிப் பம்ப் ஒன்றைச் சுழற்றுகிறது. "சீல் ஒறிஜினல் இல்லைப்போல தம்பி" என்றார் மேற்பார்வையாளர். கப்ளிங்கின் கீழே, எண்ணெய்த் தொட்டியின் எண்ணெய் படிந்த மூடித்தகட்டில், கறுப்பு ரப்பர்த் தூள் மெல்லிய வில் போலச் சிதறிக் கிடந்தது. நல்ல சீலோ போலிச் சீலோ, கப்ளிங்கின் ரப்பரை அரைக்காது.

இரு தண்டுகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்ற எலைன்மென்டை, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது ஒரு முழுச் சுற்றுக்கு 0.08 மில்லிமீற்றர் காட்டியது. இந்த அளவீட்டில் உண்மையான விலகல் காட்டும் எண்ணில் பாதிதான் என்பதால், தண்டுகளுக்கு இடையிலான விலகல் 0.04 மட்டுமே. எனக்கு முன் வந்து எலைன்மென்ட் செய்தவர் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார். ஆனால் அவரும் நானும் அளந்தது, ஓடாமல் நின்ற இயந்திரத்தையே.

சுமை ஏறும்போது பம்புக்குள் நடப்பதைக் கணக்கிட்டால் இது ஏன் முக்கியம் என்று விளங்கும். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனை 250 பார் அழுத்தம் ஏறத்தாழ 7,850 நியூட்டன் விசையால் தள்ளுகிறது. ஒரே நேரத்தில் நான்கு அல்லது ஐந்து பிஸ்டன்கள் அழுத்தப் பக்கத்தில் இருக்கின்றன. அவை முட்டும் சாய்தட்டு 16 பாகை சாய்ந்திருப்பதால், அந்த விசையில் ஒரு பங்கு பக்கவாட்டாகத் திரும்பி, பிஸ்டன்களைத் தாங்கித் தண்டுடன் சுழலும் சிலிண்டர் உருளையின் வழியே தண்டின் மீது விழுகிறது. கூட்டிப் பார்த்தால் அது ஏறத்தாழ 10,000 நியூட்டன், அதாவது ஒரு தொன் எடை. பெயரிங்குகளுக்கு இடையே 160 மில்லிமீற்றர் தூரமும் 40 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட உருக்குத் தண்டின் நடுவில் இந்தச் சுமை விழுந்தால், தண்டு ஏறத்தாழ 0.033 மில்லிமீற்றர் வளையும். வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக மாறுவதால், அதே தண்டு 35 மில்லிமீற்றர் மட்டுமே இருந்தால் வளைவு 0.056 ஆகிவிடும். உருளையைப் பிடிக்கப் பல் வெட்டிய இடத்தில் தண்டின் உண்மையான விட்டம், பற்களின் அடியில் எடுக்கும் அடிவிட்டமே என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த வளைவை வடிவமைத்தவர்கள் அறிவார்கள். உருளை தண்டின் மேல் சற்றுச் சாய்ந்து கொடுத்து, எண்ணெய் உள்ளே வந்து வெளியேறும் துளைகளுள்ள வால்வுத் தட்டில் தட்டையாக உட்காரும்படி, பல் இணைப்பில் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி தண்டின் சொந்த வளைவுக்காக விடப்பட்டது. வெளியிலிருந்து கப்ளிங் வழியாக வரும் இழுவை அதையும் தின்றுவிட்டால், உருளை ஒரு பக்கம் தூக்கி, வால்வுத் தட்டில் ஆப்பு வடிவ இடைவெளி விழுந்து, பம்பின் உடலுக்குள் கசியும் எண்ணெயைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் கேஸ் ட்ரெயின் வழியாக எண்ணெய் கூடுதலாகத் திரும்பும். கப்ளிங் பட்டியலில் அரை மில்லிமீற்றர் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதை வைத்து வாதாடுபவர்களுடன் எனக்கு ஓயாத சண்டை உண்டு. அந்த எண் கப்ளிங் உடையாமல் இருப்பதற்கான எல்லை; பம்பின் பெயரிங்கும் சீலும் அந்தப் பேரத்தில் கையொப்பம் இடவில்லை.

காந்தக் கால் கொண்ட டயல் கேஜை மோட்டர் உடலில் ஒட்டி, அதன் முனையை, சுழலாத பகுதியான பம்பின் முன் விளிம்பில் பக்கவாட்டாக வைத்து, வின்சில் ஒரு படகைக் கட்டி இழுக்கச் சொன்னேன். அழுத்தமானி 180 பாரைத் தொட்டபோது முள் மெல்ல நகர்ந்து 0.17 மில்லிமீற்றரில் நின்றது. சுமையை விட்டதும் பூச்சியத்துக்குத் திரும்பியது. மேற்பார்வையாளரை அழைத்து இரண்டாம் முறையும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

காரணம் மூடித்தகடு. மோட்டரும் பம்பும் எண்ணெய்த் தொட்டியின் 6 மில்லிமீற்றர் தகட்டின் மேல் தனித்தனிக் கால்களில் நின்றன. முழுச் சுமையில் தண்டில் ஏறும் முறுக்கு ஏறத்தாழ 240 நியூட்டன் மீற்றர்; அதற்கு எதிர்வினையாக மோட்டரின் உடல் ஒரு பக்கமும், பம்பின் உடல் மறுபக்கமும் சாயப் பார்க்கின்றன. மெல்லிய தகடு இருவருக்கும் இடம் கொடுக்கிறது. மோட்டரின் முன் விளிம்பையும் பம்பின் முன் விளிம்பையும் பூட்டும் மணி வடிவ வார்ப்பான பெல் ஹவுசிங்கால் இரண்டையும் இணைத்திருந்தால், இந்த இரு முறுக்குகளும் அந்த வார்ப்புக்குள்ளேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டிருக்கும். இந்த மோட்டருக்கு முன் விளிம்பு இல்லாததால், 25 மில்லிமீற்றர் தடிப்பில் பொதுவான அடித்தகடு ஒன்றை விலாக்களுடன் பற்றவைத்து, அதன் கீழ் ரப்பர்த் தாங்கிகள் வைத்தோம். பம்பை இழுத்துப் பிடித்திருந்த உருக்குக் குழாயின் ஒரு துண்டை வெட்டிவிட்டு ஹோஸ் போட்டோம். அதன் பிறகு, அதே சுமையில் முள் 0.03 மட்டுமே நகர்ந்தது.

வெப்பமும் ஒரு கணக்கு. 225 மில்லிமீற்றர் மைய உயரமுள்ள வார்ப்பிரும்பு மோட்டரின் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் கூடினால் அதன் தண்டு 0.08 மில்லிமீற்றர் வரை உயரும். பம்பும் சூடாகி உயர்வதால் இரண்டின் வித்தியாசமே கணக்கில் வரும். இங்கு ஓகஸ்ட் வெயில் தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுவதால், காலை ஏழு மணி அளவீட்டை நான் இறுதியாக எடுப்பதில்லை; ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, சூடு ஆறுமுன் மறுபடி அளக்கிறேன்.

மோட்டரின் சுழலும் பாகமான ரோட்டரையே பம்பின் தண்டில் ஏற்றிய ஒருங்கிணைந்த அலகுகளில் கப்ளிங் இல்லை என்பதால் பிரச்சினையும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே தண்டு வளைந்தால் ரோட்டருக்கும் அதைச் சுற்றி நிற்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலான காற்றிடைவெளி ஒரு பக்கம் குறையும். குறைந்த பக்கம் காந்தம் இன்னும் பலமாக இழுக்கும். வளைவு மேலும் கூடும். ஒரே தண்டுக்கு மூன்றாவது பெயரிங் போட்டு இதை அடக்க முயன்றால், மூன்று இருக்கைகளும் ஒரே கோட்டில் துல்லியமாக அமையாதவிடத்து அந்தப் பெயரிங்கே தண்டை வளைக்கும். ரோட்டருக்குத் தனிப் பெயரிங்குகள் கொடுத்து, நடுவில் வளைவான பற்களுள்ள குறுந்தண்டால் இரண்டையும் இணைப்பதே எனக்குப் பிடித்த வழி.

வின்ச் பம்பைக் கழற்றியபோது தண்டின் பற்களுக்கிடையே செம்பழுப்புத் தூள் இருந்தது. கடற்காற்றில் வந்த துரு என்றார்கள். பற்களின் ஒரு முகத்தில் மட்டுமே பளபளத்த தேய்மானம் இருந்ததால், அது உரசலில் வந்தது என்றேன். வால்வுத் தட்டை மெருகேற்றிப் பூட்டியிருக்கிறோம். கேஸ் ட்ரெயின் குழாயை வாரம் ஒருமுறை அளவு வாளியில் விட்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று மேற்பார்வையாளரே குறித்து வைக்கிறார்.