எபோலாவும் ஒரு நவம்பர்த் தேர்தலும்

2014 அக்டோபரில் அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சிகளைப் பார்த்தவர்கள், அந்த நாடே எபோலாவுக்குப் பலியாகப் போகிறது என்று எண்ணியிருப்பார்கள். உண்மையில் அங்கே அந்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் 11 பேர்; இறந்தவர்கள் இருவர். கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் 11,000 பேருக்கும் மேல் மாண்டது திரையின் ஓரத்தில்தான் இடம்பெற்றது.

நவம்பர் 4 இடைக்காலத் தேர்தல் நெருங்கியிருந்ததால், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விமானங்களைத் தடை செய்யாத அதிபர் ஒபாமாவே குற்றவாளி என்று குடியரசுக் கட்சியினர் முழங்க, சுகாதார நிதியை வெட்டியவர்கள் நீங்கள்தானே என்று ஜனநாயகக் கட்சியினர் திருப்பிச் சாடினர். சியரா லியோனில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவிட்டுத் திரும்பிய செவிலியர் ஒருவரை, பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும், நியூ ஜெர்சி அரசு மருத்துவமனைக் கூடாரமொன்றில் அடைத்துவைத்தது. அறிகுறி தோன்றாதவரிடமிருந்து எபோலா பரவாது என்று மருத்துவர்கள் சொன்னது ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் காதில் ஏறவில்லை. (கிறிஸ்டி குடியரசுக் கட்சிக்காரர், நியூயார்க் ஆளுநர் கூமோ ஜனநாயகக் கட்சிக்காரர்; கட்டாயத் தனிமைப்படுத்தலை அறிவிப்பதில் மட்டும் இருவருக்கும் அபார ஒற்றுமை.)

வாக்குப்பதிவு முடிந்த சில நாள்களில் எபோலா திரையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் அது மேலும் ஓராண்டுக்கு மேல் நீடித்தது.