ஒரே கொழுந்து, வேறு விலை

"உள்ள இருக்கிறது ஒன்னுதான்னா எதுக்கு தம்பி இவ்வளவு வித்தியாசம்?" என்று அந்த அண்ணன் கேட்டார். மகளுக்குக் கெம்பஸ் கிடைத்திருந்தது. சீட்டு எடுத்த காசோடு ஹட்டனில் நான் வேலை செய்யும் கம்பியூட்டர் கடைக்கு வந்திருந்தார். மேசையில் இரண்டு லெப்டொப். இரண்டிலும் ஒரே இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், அதே விண்டோஸ். ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"வேகத்தில் வித்தியாசம் இல்லை அண்ணே. பெயருக்கும் வெளிக்கூட்டுக்கும்தான் விலை கூட" என்றேன். குறைந்ததையே எடுத்தார்.

அவர் தேயிலை பெக்டரியில் சலிக்கும் பகுதியில் வேலை செய்பவர். பில் போடும்போது சொன்னார்: "எங்க தூளும் இப்படித்தான். ஒரே கொழுந்து. சலிக்கிறப்போ பீஓபீ ரகம் ஒரு பக்கம், டஸ்ட் ரகம் ஒரு பக்கம். விலைய கொழும்பு ஏலத்துல யாரோ வைக்கிறாங்க."

அவர் போனதும் முதலாளி கேட்டார்: "எல்லாம் ஒன்றுதான் என்று நீயே சொன்னால், கொழும்பு யூனிட்டி பிளாசா கடைகளில் விலை விசாரித்து ஆயிரம் ரூபா குறைந்த இடத்தில் வாங்கிக்கொள்வார்களே. நாம் எதுக்குக் கடை வைத்திருக்கிறோம்?"

நான் சொன்னதில் பொய் இல்லை. 2021இல்தான் தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவுக்கு வந்தது. அடுத்த வருடமே டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. அப்படிச் சேர்த்த காசை ஒரு அலுமினிய மூடிக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

முதலாளி சொல்வதும் சரிதான். யாரும் செய்யக்கூடிய பொருளில் லாபம் நிற்காது. ஐபிஎம் 1981இல் பிசியை வெளியில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கட்டியது. புரொசசர் இன்டெலுடையது, அதை இயக்கும் டொஸ் மென்பொருள் மைக்ரோசொப்ட்டுடையது. அவர்கள் அதையே மற்றவர்களுக்கும் விற்றார்கள். கொம்பக் போன்ற கம்பெனிகள் அதே மாதிரிப் பிசி செய்தன, பிறகு ஆளாளுக்குச் செய்தார்கள். 1987இல் ஐபிஎம் பீஎஸ்/2 என்று தனிவழி போய்ப் பார்த்தது, எடுபடவில்லை. 2005இல் பிசி வியாபாரம் முழுவதும் லெனோவோ கைக்குப் போனது. அப்பிள் மட்டும், மற்றவர்கள் அதன் மெக் கணினியைச் செய்ய விட்டிருந்த அனுமதியை 1997இல் நிறுத்திக்கொண்டது. 2020இலிருந்து மெக்குக்கான சிப்பையும் தானே வடிவமைக்கிறது. அதனால் அதன் விலையை அதுவே வைக்கிறது. அந்த அண்ணன் ஏலத்தைப் பற்றிச் சொன்னதில் இந்தக் கதை முழுக்க இருக்கிறது.

என்னை உறுத்துவது 'வெளிக்கூட்டுக்குத்தான் கூட' என்று சொன்ன அந்த இடம். ரிப்பேர் மேசையில் எத்தனை பார்க்கிறேன்! மலிவான மொடல்களில் திரையைத் திறந்து மூடும் கீலைப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளை நட்டு பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும். திறந்து மூடித் திறந்து மூடி, ஒருநாள் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து கையில் வரும். ஒட்டித்தான் அனுப்புகிறோம். ஒட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியும். விலைப்பட்டியலில் ரேம் இருக்கும், எஸ்எஸ்டி இருக்கும், கீல் இருக்காது. வாங்குபவர் பட்டியலைத்தான் ஒப்பிடுகிறார், நானும் அன்று பட்டியலைத்தான் சொன்னேன்.

அதற்காக விலை கூடியதெல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். மெல்லியதாகச் செய்கிறோம் என்று ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. அந்தப் பிள்ளை வாங்கியதில் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. நாலு வருடப் படிப்புக்கு அது பெரிய விஷயம். கீலா, ரேமா? அவரிடம் இரண்டையும் சொல்லியிருந்தாலும் கையில் இருந்த காசு அவ்வளவுதான். அப்போதும் அதையேதான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் தெரிந்து எடுத்திருப்பார்.

இப்போது முதலாளி மலிவு மொடல்களை எடுப்பதையே நிறுத்தலாம் என்கிறார். கணக்கு அவர் பக்கம்தான். நிறுத்தினால் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் யாரோ பாவித்துக் கழித்ததை வாங்க வேண்டும். நிறுத்த வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். லாபத்தில் காட்டக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.